சேவ் பண்ணி வெச்சா தொப்பை கொறையுமா?

ஏங்கண்ணு, ஒடம்பை வளைக்கப் போறேன்னு வெள்ளெனே எந்திரிச்சுப் போனைக் கையில எடுத்தே. அரை மணி நேரமாச்சு, இன்னும் வீடியோவையே பொறுக்கிட்டிருக்கறே. இது பத்து நிமிசத்துல தொப்பை கரையறது, அது ஏழு நிமிசத்துல கரையறது. எது ஒசத்தின்னு நீ ரோசனை பண்ணி முடிக்கறதுக்குள்ள உங்கம்மா தோசை சுட்டுட்டா. அப்பறமென்ன, நாளைக்குப் பாத்துக்கலாம்னு சேவ் பண்ணி வெச்சுப்போட்டுத் தட்டத்துக்கு முன்னால உக்காந்துட்டே.

தை மாசம் வாங்குனியே ஊதாக்கலர் மேட்டு, அது எங்கன்னு தெரியுமா? மொட்டைமாடியில இருக்குது. அதும் மேல மொளகா காயுது. நெம்ப நல்ல மேட்டாம், ஒண்ணும் ஒட்டறதே இல்லையாம், உங்கம்மாளுக்கு ஏகச் சந்தோசம்.

நாலே நிமிசம், தபாட்டாங்கறே. அந்த இசுமி தபாட்டாங்கற ஜப்பான்காரரு 1996ல எழுதுன ஆராய்ச்சியில, விளையாட்டுல பழகுன காலேஜுப் பசங்களைச் சைக்கிள் மிசின்ல ஏத்தி விட்டாரு. இருபது வினாடி மிதி, பத்து வினாடி நிறுத்து. இனி ஆகாதுன்னு கால் ஓயற வரைக்கும் மிதிச்சானுங்க. நீ இருபது வினாடி கையாட்டிப்போட்டு, பத்து வினாடி கண்ணாடியில புஜத்தைப் பாக்கறே. ரெண்டும் ஒண்ணா?

கையில கட்டியிருக்கற கடியாரம் பத்தாயிரம் அடி நடன்னு நச்சரிக்குதே, அந்தக் கணக்கை எந்த வைத்தியன் எழுதுனான்னு கேட்டியா? 1964ல டோக்கியோவுல ஒலிம்பிக் நடந்துச்சு. அந்தச் சூடு ஆறறதுக்குள்ள, அடுத்த வருசமே ஜப்பான்ல ஒரு கம்பெனிக்காரன் அடியை எண்ணற கருவியை விக்க வந்தான். பத்தாயிரம் அடிங்கறதையே பேரா வெச்சு வித்தான். யாவாரத்துக்கு வெச்ச பேரு, ஊருக்கெல்லாம் வைத்தியமாயிருச்சு. அடி மேல அடி வெச்சா அம்மியே நகருமாம். உன்ற தொப்பை நகரலையே! நீதான் ஊஞ்சல்ல உக்காந்து கையை ஆட்டி ஆட்டிக் கணக்கை ஏத்தறவனாச்சே.

அதுக்காக வீடியோவே வேண்டாங்கறனா? உங்க சின்னம்மாளைப் பாரு. வீதியில வேகமா நடந்தா நாலு பேரு பாப்பாங்கன்னு கூச்சம் அவளுக்கு. கதவைச் சாத்திப்போட்டு டிவியில ஒரு வீடியோவைப் போட்டுட்டு, நாற்காலியில உக்காந்து உக்காந்து எந்திரிக்கறா. வருசம் திரும்பியும் அந்த வீடியோவை மாத்தலை. அதுல வர்ற புள்ள அடுத்து என்ன சொல்லும்னு இவளுக்கு மனப்பாடம். இப்ப அரிசி மூட்டையை அவதான் நகத்தறா, உங்க சித்தப்பன் ஓரமா நின்னு ரோசனை சொல்றான். வாரத்துக்கு 150 நிமிசமாவது வேகமா நட, ரெண்டு நாள் தசைக்கு வேலை குடுன்னுதான் உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. ஊதாக்கலர் மேட்டைப் பத்தி அதுல ஒரு வார்த்தை இல்லை.

நம்மூரு சிலம்ப வாத்தியாரு, காலைத் தப்பா வெச்சா கம்பாலயே கணுக்கால்ல தட்டுவாரு. உன்ற போனுக்குள்ள இருக்கறவன் சிரிச்சுக்கிட்டே "சபாஷ், அப்பிடித்தான்"ங்கறான். நீ கோணக்கால் போட்டாலும் அப்பிடித்தான், கட்டல்ல கவுந்து கெடந்தாலும் அப்பிடித்தான். அவனுக்கு உன்னைத் தெரியுமா, உன்ற முட்டியைத் தெரியுமா? நேத்து நீ குந்தி எந்திரிக்கறப்ப அது கடக்குன்னுச்சு, திண்ணையில உக்காந்திருந்த எனக்கே கேட்டுது. நீ என்ன பண்ணுனே? பல்லைக் கடிச்சுக்கிட்டு அதையும் வீடியோ எடுத்துப் போட்டே.

வலிச்சா நிறுத்திப்போடு கண்ணு. எக்ஸ்ரே படத்துக்கெல்லாம் லைக் வராது.