அத்தான் பேஸ்மன்ரில் நிற்கிறார்

ஸ்காபரோ, கனடா
தை மாதம்

அன்புள்ள மாமாவுக்கு,

மாமியின் முழங்கால் நோ குறைந்ததா? இங்கே எல்லோரும் சுகம். வெளியே மைனஸ் 18 பாகை. அதனால் அத்தானுக்கு நல்ல உழைப்பு. வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் நின்றுபோனால் ஓடிப்போய்த் திருத்துவதுதானே அவர் தொழில். ஊரெல்லாம் குளிரைத் திட்ட, இவர் மட்டும் காலநிலை அறிக்கையைக் கேட்டுவிட்டுச் சாமிப்படத்துக்குப் பூ வைக்கிறார்.

இந்த வேலைக்கு எரிவாயு லைசன்ஸ் வேண்டும். ஜி2 என்பார்கள். அதை எடுக்க அத்தான் இரவிரவாகப் படித்தார். ரெலிபோனை எடுக்கத்தான் அவருக்கு வழியில்லை. பகல் முழுக்க யாரோ ஒருவரின் பேஸ்மன்ரில் நிற்பார்; கை இரண்டும் இயந்திரத்துக்குள். போன் அடித்து ஓயும். பிறகு ரெலிபோன் கொம்பனிக்காரர் வைத்துவிட்ட இயந்திரப் பெண் வந்து, பத்து இலக்கத்தையும் ஒப்புவித்து, "ஆள் இல்லை" என்பாள். கூப்பிட்டவருக்கு இது கொம்பனியா, யாரோ ஒருவருடைய குசினியா என்றே விளங்காது. விறைத்துக்கொண்டு நிற்பவருக்கு என்ன பொறுமை? அடுத்த கொம்பனிக்கு அடிப்பார்.

வொய்ஸ்மெயிலுக்கு ஒழுங்கான வரவேற்பு ஒன்று போடவேண்டும் என்று அக்கா தீர்ப்புச் சொன்னா. வாசகம் எழுதும் பொறுப்பு எனக்கு வந்திருக்க வேண்டும், ஓ.எல்.லில் ஆங்கிலத்துக்கு டிஸ்ரிங்ஷன் எடுத்தவன் இந்த வீட்டில் நான்தான். ஆனால் அத்தான் முந்திக்கொண்டார்.

அவருடைய வரைவை நீங்கள் கேட்டிருக்க வேண்டும் மாமா. பின்னணியில் நாதஸ்வரம். அதற்கு மேலே வணக்கம், கொம்பனி பிறந்த கதை, ஃபேர்னஸ், ஏசி, சுடுதண்ணீர்த் தாங்கி என்று வேலைப் பட்டியல், கடைசியில் "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியமானது." கோயில் கொடியேற்ற நோட்டீஸ் மாதிரி நீண்டுகொண்டே போனது. பீப் சத்தம் வருவதற்கிடையில் கூப்பிட்ட ஆள் போனை வைத்துவிட்டு இரண்டு கம்பளி போர்த்துப் படுத்திருப்பார்.

"முக்கியமெண்டால் எடுத்திருப்பியள்தானே?" என்றா அக்கா. "அந்த வீட்டிலை பிள்ளை விறைக்குது. அதுக்கு உங்கடை சரித்திரம் ஏன்?"

அப்போதுதான் உங்கள் கதை வந்தது. தபால் கந்தோரில் தந்தி கொடுக்க வருகிறவர்களின் தாளை வாங்கி, சொற்களை வெட்டி வெட்டி அவர்களுக்குக் காசு மிச்சம்பிடித்துக் கொடுப்பீர்களே, அது அக்காவுக்கு நல்ல ஞாபகம். அங்கே அப்போது சொல்லுக்குக் காசு. இங்கே எவ்வளவு அளந்தாலும் ஒரு சதம் கூடாது, அதுதான் இந்த நாட்டு வொய்ஸ்மெயில்களைப் பிடித்த வியாதி. "மாமா வெட்டுற மாதிரி வெட்டு" என்று தாளை என் கையில் தந்தா.

வெட்டினேன். நாதஸ்வரம் முதலில் போனது. கொம்பனியின் பெயர், இப்போது எடுக்க முடியவில்லை என்ற செய்தி, பெயரும் நம்பரும் விலாசமும் விடச்சொல்லி ஒரு வேண்டுகோள், எப்போது திருப்பிக் கூப்பிடுவோம் என்ற வாக்கு. இருபது செக்கனுக்குள் முடிந்தது.

அந்த வாக்கில்தான் பெரிய சண்டை. "வெகு விரைவில் என்று போடு" என்றார் அத்தான். எங்கள் ஊரில் "இந்தா வாறன்" என்றவர் அடுத்த நாளும் வரலாம். இங்கே அது செல்லாது. சனம் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு மணித்தியாலத்துக்குள் என்று போட்டோம். இப்போது அத்தான் மணிக்கு ஒருதரம் கையைத் துடைத்துக்கொண்டு போனுக்கு ஓடுகிறார். எனக்கு அதில் ஒரு திருப்தி.

இன்னொரு வரியும் உண்டு, அது பகிடி இல்லை. எரிவாயு மணந்தாலோ, காபன் மொனொக்சைட் அலாரம் அடித்தாலோ, எங்களுக்குக் காத்திராமல் வெளியே போய் 911ஐ அழையுங்கள் என்ற வரி. எரிவாயுவுக்கு மணம் சேர்த்து விடுகிறார்கள், மூக்குக்குத் தெரியும். மற்றதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. நித்திரையிலேயே ஆளை முடித்துவிடும். அதனால்தான் ஃபேர்னஸ் எரிகிற வீடுகளில் அந்த அலாரம் கட்டாயம் என்று ஒன்ராறியோவில் 2014இல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. "அதை முதலிலே சொன்னால் சனம் பயப்படும்" என்றார் அத்தான். "பயப்படட்டும்" என்றா அக்கா. பெயருக்கு அடுத்ததாக அந்த வரியே நிற்கிறது.

அடுத்தது, யார் குரல்? அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆயத்தமானார். நான் ஒரு தகவலைச் சொன்னேன். வொய்ஸ்மெயிலை வியாபாரமாக்கியவர் ரெக்சாஸ்காரர் கோர்டன் மத்தியூஸ். 1983இல் காப்புரிமை கிடைத்தது. அவருடைய இயந்திரத்துக்கு முதல் வரவேற்பைப் பேசிக் கொடுத்தவர் அவர் மனைவி மொனிக்கா. அக்கா ஒன்றும் பேசாமல் எழும்பிப்போய் மைக்கை எடுத்தா.

ஒலிப்பதிவுக் கூடம் எது தெரியுமா? வாசலடியில் குளிர் ஜாக்கெற்றுகள் தொங்கும் அலுமாரி. உடுப்புகள் எதிரொலியைக் குடித்துவிடும். கனடாவில் ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஒரு ஸ்ரூடியோ இருப்பது சனத்துக்குத் தெரியாது. பிரிட்ஜை நிறுத்தி, பிள்ளைகளை மேலே துரத்தி, அக்கா உள்ளே நின்றபடி, சிரித்த முகத்தோடு பேசினா. இருந்து பேசினால் குரல் அமுங்கும், சிரிக்காமல் பேசினால் கடன்காரன் குரல் வரும். அக்கா இருட்டில் தனியே சிரித்துக்கொண்டு நின்றதைக் கண்டு கடைக்குட்டி அழுதது வேறு விஷயம்.

தமிழிலும் ஒரு வரி உண்டு. அது இல்லாத நாட்களில் எங்கள் ஆட்கள் ஆங்கிலத்தைக் கேட்டதும் வைத்துவிடுவார்கள். இப்போது வைப்பதில்லை. அக்காவின் குரலோடு கதைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். "ஓம் பிள்ளை, சுகமோ? அவர் நிக்கிறாரோ?" என்று ஓர் அம்மா கேட்டுவிட்டு, பதிலுக்கும் காத்திருந்து, தன் மகளின் கலியாணப் பேச்சு வரைக்கும் சொல்லியிருக்கிறா. விலாசம் மட்டும் சொல்லவில்லை. அத்தான் திருப்பிக் கூப்பிட்டு, கலியாணத்தையும் விசாரித்து, பிறகுதான் ஃபேர்னஸுக்கு வந்தார்.

உங்கள் இலாகாவுக்குப் பெருமையான ஒன்றும் சொல்கிறேன். இங்கிருந்து காரில் ஒன்றரை மணித்தியாலம் போனால் பிரான்ற்ஃபோர்ட். கிரகாம் பெல்லின் தாய் தகப்பன் குடியிருந்த வீடு அங்கே அருங்காட்சியகமாக இருக்கிறது. 1876 ஆகஸ்ட் 10ஆம் திகதி அந்த ஊரில் பேசிய குரலை, சுமார் 13 கிலோமீற்றர் தள்ளி பாரிஸ் என்ற இந்த நாட்டுச் சிற்றூரில் இருந்து பெல் கேட்டார். பேச்சு ஒரு பக்கமாகத்தான் போகும். கேட்கிறது என்று அவர் பதில் சொன்னது தந்தியில். தந்திக்காரர் இல்லையென்றால் ரெலிபோனுக்கு அன்றைக்கே வாய் அடைத்திருக்கும்.

நம்பரைத் தனியே எழுதி அனுப்புகிறேன். 437இல் தொடங்கும், 416 வைத்திருப்பவர்கள் தங்களைப் பழைய குடிகள் என்று நினைப்பார்கள், எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஒருக்கால் எடுத்துக் கேளுங்கோ. இன்னும் மூன்று சொல்லாவது வெட்டலாம் என்று பட்டால் எழுதுங்கோ, வெட்டிவிடுகிறேன். அக்காவின் குரலைமட்டும் குறை சொல்லிப்போடாதேங்கோ. சம்பளக் கணக்கு அவவின் கையில்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்