ரீபோர் பெரியவர்

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே நாற்பது கிலோமீட்டர்கூட இல்லை. அதற்குள் இவரைப் போல நாலு பேராவது அகப்படுவார்கள். வாசலில் கீற்றுக் கொட்டகை, அதன்கீழ் வெள்ளை அம்பாசடர், அதன் பானட்டில் சாய்ந்தபடி பெரியவர். தெருவில் புது கார் போனால் போதும்.

"தகரம்! பத்து வருஷம் தாங்குமா? நம்மது 1984 மாடல். இன்னிக்கும் என்ஜின் அப்படியே இருக்குது!"

அப்படியே என்றால், ரெண்டு தடவை ரீபோர், மூணு செட் பிஸ்டன் ரிங். அடித்தகடு துருப்பிடித்துப் போய், டிங்கர் கைங்கர்யத்தில் புதுத்தகடு. கிங்பின் எத்தனை மாறியது என்பது மெக்கானிக்குக்கே மறந்துவிட்டது. உத்தரபாரா தொழிற்சாலை 2014 மே மாதம் அம்பாசடரை நிறுத்தியது. பெரியவர் வாசலில் மட்டும் உற்பத்தி தொடர்கிறது.

மீட்டரில் ஐந்தே இலக்கம். 99,999 தாண்டினால் பூஜ்யம். அந்தக் காலத்தில் ஒரு லட்சம் என்பது காருக்கு அறுபதாம் கல்யாணம். ஆறாவது கட்டம் வேண்டியிருக்கும் என்று செய்தவர்களுக்கே தோன்றவில்லை போலும். பெரியவரோ பூஜ்யத்தைப் பார்த்ததும், "மறுபடி புது வண்டி!" என்று பூசணிக்காய் உடைத்தார்.

மகனின் கார் 1,80,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. பெட்ரோலைக் கம்ப்யூட்டர் அளந்து விடுகிறது. சோக் இழுப்பதில்லை, பாயிண்ட் தேய்ப்பதில்லை. துத்தநாகம் பூசிய தகட்டில் துரு சுலபத்தில் ஏறுவதில்லை. பெரியவருக்கு அங்கேதான் சந்தேகம்: "ஒரு தடவைகூடத் திறக்காத என்ஜினை எப்படித் தம்பி நம்புறது?"

போன வைகாசியில் திண்டிவனத்தில் ஒரு கல்யாணம். அம்பாசடரில்தான் கிளம்பினார். விக்கிரவாண்டி டோல்கேட் வரிசையில் அது சூடேறி நின்றது. பெட்ரோல் பம்ப்மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருந்து, தாலி கட்டி முடிந்தபின் பந்திக்குப் போய்ச் சேர்ந்தார்.

ராத்திரி திரும்பும்போது மகன் காரில் ஏற்றிவிட்டார்கள். கூட்டேரிப்பட்டு வருவதற்குள் குறட்டை. நாற்பது வருஷமாக ஓடுகிற வண்டியில் அவர் கண்ணை மூடியதே இல்லை. காது எப்போதும் என்ஜினிடம் இருக்கும்.

கார் நின்றதும் பதறி எழுந்தார்.

"எங்கடா நின்னுடுச்சு?"

"நம்ம வீட்டு வாசல்லதான்பா. எறங்குங்க."