கடைசிப் பந்தியில் பென்சில்வேனியா

அமெரிக்க அதிபர் தேர்தல் என்றால் நவம்பரில் பென்சில்வேனியாக்காரர்தான் மகாராஜா. அந்த மாநிலத்தின் 19 தேர்வாளர் ஓட்டுக்காக வேட்பாளர்கள் வாசலிலேயே தவம் கிடப்பார்கள். கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க அந்த மாநிலம் ஓட்டுப் போடும் ஏப்ரலில் அவரைச் சீந்த ஆளில்லை. கட்சி வேட்பாளர் யார் என்ற பேச்சை ஜனவரி, பிப்ரவரி வாக்கில் அயோவா, நியூ ஹாம்ப்ஷயர் போன்ற மாநிலங்கள் தொடங்கிவைக்க, பெரும்பாலும் மார்ச்சுக்குள் கதை முடிந்துவிடும். இவர் இலையில் விழுவது தண்ணீர் மோர்தான்.

"இதுகள்ல ஒருத்தரும் தேறமாட்டாங்க" என்பார். பின்னே யார் தேறுவார்? போட்டியிலிருந்து விலகியவர்! குடியரசுக் கட்சி வேட்பாளராக முயன்ற நிக்கி ஹேலி 2024 மார்ச்சிலேயே மூட்டை கட்டிவிட்டார். ஏப்ரல் 23 அன்று பென்சில்வேனியாவின் குடியரசுக் கட்சியினர் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் அவருக்கே ஓட்டுப் போட்டார்கள். (இந்த மாநிலத்தில் கட்சியில் பதிந்தவருக்குத்தான் வேட்பாளர் தேர்வில் ஓட்டு. 'நான் எந்தக் கட்சியும் இல்லை' என்று நெஞ்சு நிமிர்த்துபவர் வேடிக்கை பார்க்கலாம். நவம்பரில் எல்லோரும் விழுவது அவர் காலில்தான்.)

2008-இல் மாநிலத்துக்கு ஏப்ரலிலும் மவுசு. ஜனநாயகக் கட்சி வேட்பாளர் இடத்துக்காக ஒபாமாவும் ஹிலாரியும் அப்போதும் விடாமல் மல்லுக்கட்டினார்கள். தானும் உழைக்கும் சனம்தான் என்று காட்ட, ஒபாமா ஆல்டூனா ஊரில் டை கட்டிக்கொண்டு பவுலிங் பந்து உருட்டினார். அந்த ஆட்டத்தில் 300 வரை எடுக்கலாம். அவர் எடுத்தது 37. வரியைப் பற்றியும் போரைப் பற்றியும் அவர் பேசியது நம் வாக்காளருக்கு மறந்துவிட்டது, 37 மறக்கவில்லை. ஹிலாரியை ஜெயிக்கவைத்தார். நவம்பரில் அதே ஒபாமாவுக்குக் குத்திவிட்டு வந்தார்.