கெடு தப்பினால் அபராதம் யாருக்கு?

மலையை ஊடுருவிப் போகும் நியூட்ரினோவைப் பிடிக்க, தேனி மாவட்டத்துப் பொட்டிபுரம் மக்கள் வேண்டாம் வேண்டாம் என்று கத்தியும் வந்து நின்றது மத்திய அரசு. அம்பரப்பர் மலைக்குள் சுமார் 2 கிலோமீட்டர் சுரங்கம், 50,000 டன் இரும்பு, ரூ.1,500 கோடி. 2015 ஜனவரியில் அமைச்சரவை ஒப்புதலும் கொடுத்தாயிற்று. கண்ணுக்குத் தெரியாத துகளுக்கு அத்தனை உபசாரம்! ஐபிவி6 என்ற இணைய முகவரி முறையைத் தன் சொந்த அலுவலகத்துக்குள் கூட்டிவர மட்டும் அதே அரசுக்குக் கால் வரவில்லை.

பழைய ஐபிவி4-இல் மொத்தமே சுமார் 430 கோடி முகவரி. 2011 பிப்ரவரி 3 அன்று உலகக் கிட்டங்கியின் கடைசி மூட்டையும் பிரித்தாயிற்று. அப்புறம் ஒண்டுக்குடித்தனம்தான். ஏலத்தோட்டத்துக்குப் போடிமெட்டு ஏறும் ஜீப்பில் பெண்களை அடைக்கிற மாதிரி, ஒரே கதவெண்ணுக்குப் பின்னால் ஊரையே அடைக்கிறார்கள். ஐபிவி6-இலோ 340-க்குப் பின்னால் 36 சைபர் போடும் அளவுக்கு முகவரி கொட்டிக் கிடக்கிறது.

கெடு வைப்பதில் மட்டும் நம்மவர்கள் சூரர்கள். அரசுத் துறைகள் எல்லாம் 2012 மார்ச்சுக்குள் மாற வேண்டும் என்றது 2010-இல் போட்ட திட்டம். 2013-இல் இன்னொரு திட்டம்: 2017 டிசம்பர். அதுவும் போய், 2022 ஜூன் 30. கந்துவட்டிக்காரரிடம் இப்படித் தவணை சொல்லிப் பாருங்கள், தெரியும். அதே ஜூன் 30 தாண்டியதும் பான், ஆதாரை இணைக்காத குடிமகனுக்கு அபராதம் 500 ரூபாயிலிருந்து 1,000 ஆனது. பத்து வருஷம் தவணை தப்பிய துறைகள் கட்டியது எவ்வளவு?

ஐபிவி6 பயன்பாட்டில் இந்தியா உலகப் பட்டியலில் முன்வரிசையில்தானே இருக்கிறது என்பார்கள். இருக்கிறது. 2016 செப்டம்பரில் வந்த ஜியோ செல்போன் நிறுவனத்துக்குக் கோடிக்கணக்கில் சிம் விற்க வேண்டியிருந்தது, பழைய முகவரியோ கிடையாது, மாறினார்கள். வியாபாரம் இழுத்த தேர் அது. அரசு வடத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போட்டோவுக்கு நின்றது. ஏமனிலும் சூடானிலும் புது முகவரி ஏறவில்லை என்றால், அங்கே குண்டு விழுகிறது. நம் தாலுகா ஆபீசில் எந்தக் குண்டு விழுந்தது?

உங்கள் ஊர்த் துறையின் இணையதளம் எப்போது மாறியது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள். காரணமில்லாமல் இழுத்தடித்தால் நாளொன்றுக்கு 250 ரூபாய் அபராதம், அதிகாரியின் சொந்தப் பையிலிருந்து.