வானம் ஒரு ஸ்டாப் கூடுதல்

2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை, கன்னியாகுமரியில் விடியலைப் படமெடுப்பவர்களின் கணக்கை மாற்றிவிட்டது. விவேகானந்தர் மண்டபம் 1970 முதலே அங்கே இருந்தாலும் அது தாழ்ந்து பரந்த கட்டடம். 133 அடிச் சிலையோ தொடுவானத்தைக் கிழித்துக்கொண்டு எழுந்தது.

அப்போது என் பையில் இருந்தது ஸ்லைடு ஃபிலிம். 1990இல் வெளிவந்த ஃபியூஜி வெல்வியா என்றால் எனக்கு உயிர். நிறம் அள்ளும், ஆனால் ஏறக்குறைய ஐந்து ஸ்டாப் வித்தியாசத்தைத்தான் தாங்கும். ஒரு ஸ்டாப் ஏறினால் வெளிச்சம் இரட்டிப்பு; ஐந்து ஏறினால் 32 மடங்கு. விடியற்காலைக் கிழக்கு வானத்துக்கும் கரையோரக் கரும்பாறைக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். வானத்துக்கு மீட்டர் பார்த்தால் பாறை கறுத்துவிடும். பாறைக்குப் பார்த்தால் வானம் வெளுத்துவிடும்.

இதற்கு அன்றைய வைத்தியம், மேல்பாதியில் சாம்பல் நிறம் ஏற்றிய செவ்வக ஃபில்டர். அதை லென்ஸுக்கு முன்னால் ஏற்றி இறக்கி, சாம்பல் முடியும் இடத்தைத் தொடுவானத்தில் பொருத்துவோம். வெறும் கடலுக்கு அது போதும். சிலை வந்த பிறகு, வானத்தை அடக்கிய அதே சாம்பல் வள்ளுவரின் முகத்தையும் மார்பையும் சேர்த்து இருட்டாக்கியது. வைட் ஆங்கிள் லென்ஸில் ஃபில்டரைத் தாங்கும் சட்டமே மூலைகளில் நிழலாக விழும். ஸ்டுடியோ வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் பக்கத்தில் நின்று சொல்வார்: “எவ்வளவு வேணும்னாலும் அடக்கு தம்பி. ஆனா கடலு வானத்த ஜெயிச்சிரக் கூடாது.” ரோல் சென்னைக்குப் போய், கழுவி, ஸ்லைடாகத் திரும்பி வரும்வரை யார் ஜெயித்தார்கள் என்று தெரியாது.

இரண்டு எக்ஸ்போஷரை இணைப்பது கம்ப்யூட்டர் காலத்து ஏமாற்று என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். அது தவறு. பிரான்ஸில் குஸ்தாவ் லெ க்ரே 1850களிலேயே அதைச் செய்தார். அன்றைய கொலோடியன் தகட்டில் நீல ஒளி மிகச் சீக்கிரம் பதியும்; கடல் பதிவதற்குள் வானம் வெளுத்துவிடும். அதனால் கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் எடுத்து, தொடுவானத்தில் இரண்டையும் சேர்த்து ஒரே தாளில் அச்சிட்டார். செத் கடற்கரையில் 1857இல் அவர் எடுத்த பேரலைப் படம் அப்படிப் பிறந்தது.

இப்போது நானும் அவர் வழியில்தான் போகிறேன். கேமரா டிரைபாட்டில் அசையாமல் இருக்கும். அப்பர்ச்சரையும் ஃபோகஸையும் தொடாமல், ஷட்டர் வேகத்தை மட்டும் மாற்றி, இரண்டிரண்டு ஸ்டாப் இடைவெளியில் மூன்று படங்கள். வீட்டுக்கு வந்து அவற்றை லேயர்களாக அடுக்கி மாஸ்க் வரைகிறேன். அலை மூன்று படத்திலும் மூன்று இடத்தில் நிற்கும் என்பதால், கடலை ஒரே படத்திலிருந்துதான் எடுப்பேன். வள்ளுவரின் தோளோரம் அதிக நேரம் பிடிக்கும். மாஸ்க் கொஞ்சம் பிசகினாலும் விளிம்பு முழுக்க வெள்ளைக் கோடு ஓடும். வைட் ஆங்கிளில் வானத்தின் ஒரு ஓரம் சூரியனை ஒட்டிக் கொதிக்கும்போது மறு ஓரத்தில் இரவின் நீலம் இன்னும் கலையாமல் இருக்கும். நேர்கோட்டு ஃபில்டரால் அந்த இரண்டையும் தனித்தனியே கவனிக்க முடிந்ததில்லை. கையால் வரையும் மாஸ்க்கால் முடிகிறது. இந்தச் சுதந்திரத்துக்காக நான் ஸ்லைடு காலத்தைத் திரும்பக் கேட்க மாட்டேன்.

இன்றைய போன் பல படங்களை நொடியில் எடுத்துத் தானே இணைத்துவிடுகிறது. கரையில் நிற்கும் குடும்பத்தின் முகங்களும் செவ்வானமும் ஒரே படத்தில் கிடைப்பது பெரிய வரம்தான். ஆனால் பாறையும் கடலும் வானமும் ஒரே வெளிச்சத்தில் மின்னும் படங்களைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. எந்தக் காலையும் அப்படி விடிந்ததில்லை. நீரில் விழும் ஒளியில் ஒரு பகுதி உள்ளே போய்விடும். மிச்சம்தான் திரும்பி வரும். ஆகவே கடலில் தெரியும் வானம், மேலே இருக்கும் வானத்தைவிட மங்கலாகத்தான் இருக்கும். அண்ணாச்சி சொன்னது ரசனை மட்டுமல்ல, இயற்பியலும்கூட.

முக்கடலுக்குக் கேமராவோடு போகும் தம்பி தங்கைகளே, எத்தனை படங்களை வேண்டுமானாலும் இணையுங்கள். கடலைவிட வானத்தை ஒரு ஸ்டாப்பாவது கூடுதல் வெளிச்சத்தில் வையுங்கள். சூரியன் வள்ளுவருக்குப் பின்னால் எழும்போது, நம் பக்கம் தெரியும் அவர் நிழலை நிழலாகவே விட்டுவிடுங்கள்.