‘ஒரு நல்ல விஷயம்’: உறையூர்த் தாட்சண்யம் குறித்த ஆய்வு

நட்பை ஆராயப் புகுந்த தமிழறிஞர்கள் உறையூர்க் கோப்பெருஞ்சோழனைத் தொடாமல் போனதில்லை. பாண்டிய நாட்டுப் பிசிராந்தையாரை அவன் நேரில் கண்டதே இல்லை. ஆனாலும் வடக்கிருக்கத் துணிந்தபோது தன் பக்கத்தில் அவருக்கு ஓர் இடம் ஒதுக்கச் சொன்னான். அவரும் வந்து சேர்ந்தார். உரைகாரர்கள் கவனிக்காமல் விட்ட குறிப்பு ஒன்று இங்கே உண்டு. வந்தவர் கையில் கேட்லாக் இல்லை.

அதே ஊரில் இன்று, பல வருடமாகப் பேச்சே இல்லாத பள்ளித் தோழன் போன் செய்து, “மாப்ளே, எப்படிடா இருக்க? ஞாயித்துக்கிழமை வீட்லதான இருப்ப? ஒரு நல்ல விஷயம் பேசணும்” என்கிறான். கேட்டவருக்கு அடிவயிறு கலங்குகிறது. சங்ககால நட்புக்கும் இந்தக் கலக்கத்துக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதே ஆய்வுப் பொருள். களம், திருச்சி உறையூரின் சாலை ரோட்டிலிருந்து நாச்சியார் கோயில் வரை. காலம், பெரும்பாலும் ஞாயிறு மாலை.

அந்த ‘நல்ல விஷயம்’, அதாவது ஆள்மேல் ஆள் சேர்த்துச் சரக்கு விற்கும் எம்.எல்.எம். பற்றிய முந்தைய கருத்துகள் இரண்டு பள்ளிகளாகப் பிரிந்து கிடக்கின்றன. “எல்லாம் ஃபிராடு சார்” என்பது டீக்கடைப் பள்ளி. “நீங்க சரியாப் புரிஞ்சுக்கல சார்” என்பது மீட்டிங் ஹால் பள்ளி. இரண்டுமே ஒரு முக்கியமான சான்றை விட்டுவிட்டன: டீக்கடைப் பள்ளிக்காரரின் குளியலறை. கடையில் கிடைப்பதைவிடப் பல மடங்கு விலை கொடுத்து வாங்கிய பற்பசை அங்கே இருக்கிறது. “என்ன பண்றது, சித்தி கொண்டாந்தாங்க” என்பார். அலமாரியில் இன்னும் பிரிக்காத புரோட்டீன் பவுடர் டப்பா ஒன்று. அது சகலை உபயம். பொருளையும் அவர் நம்பவில்லை, பிளானையும் நம்பவில்லை. சித்தி முகத்தைப் பார்த்தார், வாங்கினார். ஆகவே இத்தொழிலில் விலைபோவது தாட்சண்யம் என்றும், பற்பசை அதற்கான ரசீது மட்டுமே என்றும் இவ்வாய்வு முன்மொழிகிறது.

சட்டம் இயற்றியவர்களுக்குச் சித்தி இல்லை போலும். 2021 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்ட நுகர்வோர் பாதுகாப்பு (நேரடி விற்பனை) விதிகளின்படி, அடையாள அட்டையும் முன் அனுமதியும் இல்லாமல் விற்பனையாளர் யார் வீட்டுக்கும் போகக்கூடாது. பேச்சைத் தொடங்கும்போதே, எவரும் கேட்காமலே, தான் யார், எந்த நிறுவனம், என்ன சரக்கு, எதற்காக வந்திருக்கிறேன் என்று உண்மையாகச் சொல்லிவிட வேண்டும். இதைப் பாண்டமங்கலத்து வீடு ஒன்றில் அமல்படுத்திப் பார்ப்போம். வாசலில் சித்தி. கழுத்தில் அட்டை. “நான் உங்க அம்மாவோட தங்கச்சி. இன்ன கம்பெனியோட நேரடி விற்பனையாளர். உன்னை என் லெஃப்ட் லெக்ல போடத்தான் வந்திருக்கேன்.” இப்படிச் சொன்னால் காபி கிடைக்கும், கையெழுத்து கிடைக்காது. ‘நல்ல விஷயம்’ எதுவென்று கடைசிவரை சொல்லாமல் இருப்பதுதான் முதலீடு; விதி அதையே பிடுங்கிக்கொண்டது. நல்லவேளையாக, விதி வந்த செய்தி சித்திக்கு இன்னும் எட்டவில்லை.

அடுத்து, பிளான் காட்டும் சடங்கு. வெள்ளைப் பலகையில் ஒரு வட்டம், அது நீங்கள். உங்களுக்குக் கீழே ஐந்து பேர், அவர்களுக்குக் கீழே ஆளுக்கு ஐந்து. பேனா பொதுவாக 625-இல் நின்றுவிடும். அதற்கு மேல் பலகையில் இடமில்லை. ஆய்வாளருக்கு அந்தத் தடை கிடையாது. ஒன்பதாம் வரிசையில் மட்டும் 19,53,125 பேர் வருகிறார்கள். உங்களிலிருந்து கூட்டினால் 24,41,406. 2011 கணக்கெடுப்பில் திருச்சி மாவட்ட மக்கள்தொகை 27,22,290. தொட்டில் குழந்தைகளையும் சேர்த்துவிட்ட பிறகு வெளியே மிஞ்சுவது 2,80,884 பேர். இவர்களைத்தான் ஒன்பதாம் வரிசையின் பத்தொன்பதரை லட்சம் பேரும் ஆளுக்கு ஐந்து வீதம் பிடித்தாக வேண்டும். வைகுண்ட ஏகாதசி விடியலில் ஸ்ரீரங்கத்தில்கூட அப்படி ஒரு நெரிசல் வராது. பன்னிரண்டாம் வரிசைக்குத் தமிழ்நாடே போதாது.

ஆள் சேர்ப்பதையே வருமானமாக்கும் பணச் சுழற்சியை 1978-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துவிட்டது. நடுவில் சோப்பு வைத்தாக வேண்டிய நிலை வந்தது அதனால்தான். அமெரிக்க வணிக ஆணையம் 1979-இல் ஆம்வே நிறுவனத்தைப் பிரமிடுத் திட்டம் அல்ல என்று விட்டதற்கும், சரக்கை உண்மையாகவே விற்க வேண்டும், பத்து வாடிக்கையாளராவது வேண்டும் என்று அந்த நிறுவனம் வைத்திருந்த விதிகள் ஒரு காரணம். (பத்து வாடிக்கையாளருக்கு உறையூரில் பத்துச் சொந்தம் என்று பெயர்.) இந்தியாவில் அமலாக்கத்துறையின் பார்வை வேறு. 2022 ஏப்ரலில் அதே நிறுவனத்தின் 757.77 கோடி ரூபாய் சொத்துகளை முடக்கியது. பழைய விசாரணை, ஒத்துழைத்து வருகிறோம் என்றது நிறுவனம். “அமெரிக்கா ஐட்டம்” என்று சித்தி குரலைத் தாழ்த்திச் சொல்வதற்கு ஓர் அடிக்குறிப்பும் தேவை. அந்த நிறுவனத்துக்குப் பூச்சந்தைக்குப் பேர்போன நிலக்கோட்டையில் ஆலை இருக்கிறது. பக்கத்து மாவட்டம்.

மீட்டிங் ஹால் மேடைப் பேச்சாளர்களுக்கு உறையூர் ஒரு வரம். யானையைக் கோழி எதிர்த்து வென்ற ஊர் இது. கோழியூர் என்ற பெயரே அதனால் வந்தது என்பார்கள். “ஒரு கோழியால முடிஞ்சது உங்களால முடியாதா?” என்றதும் ஹால் அதிரும். அந்தக் கோழி மேலும் ஐந்து கோழிகளைச் சேர்த்துவிட்டதாகக் கல்வெட்டுச் சான்று எதுவும் இல்லை.

ஆனால் கைதட்டுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. தறி நின்றுபோன வீட்டுப் பெண், சுருட்டுத் தொழில் சுருங்கிய வீட்டுப் பையன், ஓய்வுபெற்ற வாத்தியார். பெயரைச் சொல்லி மேடைக்கு அழைத்துத் தங்களுக்காக யாரும் கைதட்டி அவர்கள் அதுவரை பார்த்ததில்லை. சில மாதத்தில் கைதட்டல் அடங்கும். கட்டிலுக்கடியில் சரக்கு தங்கும். அப்போதும் வாய் திறக்க மாட்டார்கள். 2024 ஜனவரியில், மைவி3 ஆட்ஸ் என்ற நிறுவனத்தின் மீது வழக்குப் பதிவானதும், கோவை நீலாம்பூரில் அதன் உறுப்பினர்கள் ஆயிரக்கணக்கில் நிறுவனத்துக்கு ஆதரவாகத் திரண்டார்கள். பணம் கட்டியவர்களே இப்படி நிற்கிறார்களே என்று பலர் வியந்தார்கள். உறையூர்க் கோட்பாட்டின்படி வியக்க ஒன்றுமில்லை. கம்பெனி பொய் என்று ஒப்புக்கொண்டால் போவது பணம் மட்டுமா? தான் சேர்த்துவிட்ட மச்சினி வீட்டுக் காதுகுத்துக்கு எந்த முகத்தோடு போவது? மொய் என்றால் நோட்டில் எழுதி வைத்து என்றைக்காவது திருப்பிச் செய்துவிடலாம். மேல் வரிசையில் இருக்கும் அப்லைனுக்குப் போன பணத்துக்கு நோட்டு கிடையாது.

இறுதியாக ஒரு முறையியல் சிக்கல். வெக்காளியம்மன் கோயிலில் பக்தர்கள் குறைகளைச் சீட்டில் எழுதிச் சூலத்தில் கட்டுவது வழக்கம். ‘இந்த மாசம் ரைட் லெக்கில் ரெண்டு பேர் விழணும் தாயே’ என்று ஒரு சீட்டும், ‘ஞாயித்துக்கிழமை சித்தி வரக்கூடாது தாயே’ என்று அதற்குப் பக்கத்திலேயே ஒரு சீட்டும் இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. பிரித்துப் படிப்பது ஆய்வு நெறிக்கு ஒவ்வாது. இரண்டு சீட்டுக்கும் அம்மன் என்ன தீர்ப்புச் சொல்கிறாள் என்பதை அடுத்த ஆய்வாளருக்கு விட்டுவிடுகிறோம். அவருக்கும் ஒரு சித்தி இருப்பது விரும்பத்தக்கது.