ஆளைப் பார்த்து ரேட்

ஐஎஸ்ஓ 9001 சான்றிதழுக்குத் தயார்செய்ய எவ்வளவு ஆகும் என்று கோயம்புத்தூர் கன்சல்டன்ட் ஒருவரிடம் போனில் கேட்டுப் பாருங்கள். தொகை வராது. "நேர்ல வந்து ஃபேக்டரியைப் பார்த்துட்டுச் சொல்றனுங்க" என்பார். ஃபேக்டரியில் அவர் புதிதாகப் பார்க்க ஒன்றும் இல்லை. நாலு லேத்தும் ஒரு ட்ரில்லிங் மெஷினும் எங்கே இருந்தாலும் ஒன்றுதான். அவர் பார்க்க வருவது முதலாளியை.

கன்சல்டன்ட் முன்பு பம்ப் கம்பெனியில் குவாலிட்டி மேனேஜராக இருந்தவர். சம்பளம் மாதாமாதம் தவறாமல் வந்துவிடுகிறதே என்ற சலிப்பில் வேலையை விட்டார். இப்போது அந்தச் சலிப்பு அறவே இல்லை.

மனக்கணக்கு கேட்டுக்குள் நுழையும்போதே தொடங்கிவிடும். ரிசப்ஷனில் அரைமணி நேரம் உட்காரவைத்தால் 5,000 ஏறும். "ரெண்டு நாள் வேலைதானுங்க" என்றால் இன்னொரு 5,000. "முன்னாடி வந்த கன்சல்டன்ட் சரியில்லீங்க" என்றால் 10,000. அந்த மனிதருக்கு இன்னும் பாக்கி நிற்கிறது என்பது இவருக்கு உடனே விளங்கிவிடும். "பணம் ஒரு பிரச்சினையே இல்லீங்க" என்ற வாக்கியத்துக்குத்தான் உச்ச விலை. அதைக் கேட்டதும் குடித்த காபி தொண்டையில் நிற்கும்.

குறைப்பதும் உண்டு. அக்கவுன்ட்ஸ் அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "பில்லை 5-ஆம் தேதிக்குள்ள குடுங்க, லேட்டானா அடுத்த மாசந்தான்" என்று சிடுசிடுத்தால், அதற்காகவே 10 சதவீதம் தள்ளுபடி. எரிந்து விழுகிறவர்களுக்குச் சலுகை தருகிற தொழில் வேறெதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

இந்த ஏற்ற இறக்கம் எதுவும் கொட்டேஷனில் தெரியாது. எல்லாம் 'கேப் அனாலிசிஸ்', 'இன்டர்னல் ஆடிட் பயிற்சி' என்று கௌரவமான பெயர்களில் ஒளிந்திருக்கும். ரிசப்ஷனில் காத்திருந்த அரைமணி நேரம் 'டாக்குமென்டேஷ'னுக்குள் போயிருக்கும்.

பாக்கி விஷயத்தில் சட்டம் என்னவோ இவர் பக்கம்தான். 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, உத்யம் பதிவு வைத்திருக்கும் குறுந்தொழில்காரருக்கு 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது. வைத்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. அரசாங்கத்தின் இணையத் தளத்தில் புகார் கொடுக்கலாம். கொடுக்கமாட்டார். குறிச்சி சிட்கோவில் ஒரு முதலாளிமேல் புகார் போனால் அவருடைய சம்பந்தி, பங்காளி, பார்ட்னர் என்று கணபதி வரைக்கும் கஸ்டமர்கள் கழன்றுவிடுவார்கள். ஆகவே அந்த வட்டியைப் பேச்சுமூச்சில்லாமல் முதலிலேயே கொட்டேஷனில் ஏற்றிவிடுகிறார். ஜிஎஸ்டி வேறு இருக்கிறது. பில் போட்டுவிட்டால் 18 சதவீதத்தை அடுத்த மாதமே கட்டியாக வேண்டும். கஸ்டமர் கொடுத்தாரா என்று அரசாங்கம் விசாரிக்காது. சந்தேகமான இடம் என்றால் வேலையில் கைவைப்பதற்கு முன்பே ப்ரோஃபார்மா இன்வாய்ஸ் போய்விடும், கூடவே அட்வான்ஸ் கேட்டு ஒரு கும்பிடும்.

இத்தனை கணக்குக்கும் அடங்காத ரிஸ்க் மச்சினர். "நம்ம யூனிட்டுக்கும் ஒண்ணு பண்ணிக் குடுத்துருங்க மாப்ளே" என்பார். அங்கே ரேட்டை எவ்வளவு ஏற்றினாலும் இறக்கினாலும் வருகிற தொகை ஒன்றேதான்: மதியச் சாப்பாடு.

ஒருமுறை சிங்காநல்லூரில் ஒரு ஃபவுண்டரி. முதலாளி எல்லாப் பரீட்சையிலும் தோற்றார். 80,000 ரூபாய் வேலைக்கு 1,35,000 என்று எழுதிக் கொடுத்தார் கன்சல்டன்ட். "சரிங்க, நாளைக்கே ஆரம்பிச்சிரலாமுங்க" என்றார் முதலாளி. பேரமே பேசவில்லை!

அன்றிரவு கன்சல்டன்ட்டுக்குத் தூக்கம் இல்லை. கொடுக்கிற எண்ணம் உள்ளவன் குறைக்கச் சொல்லாமல் இருப்பானா? விடிந்ததும் போன் போட்டு, "பாதி அட்வான்ஸ் வேணுமுங்க" என்றார்.

"பாதியா? கால்பங்குதானுங்க தருவேன். நைட்டு உக்காந்து பார்த்தேன், மொத்தத்துலயும் 20,000 கொறைச்சுக்கணும். இல்லாட்டி வேண்டாமுங்க."

கன்சல்டன்ட்டுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "எதுக்குங்க இருபது? முப்பதே கொறைச்சுக்கலாமுங்க" என்றார்.